டெசிபல் மீட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சத்தம் அளந்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. மீட்டரைப் பையிலிருந்து எடுத்தாலே பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரால் தூக்கம் கெட்டவர்கள், மைக் செட்காரர்கள், ஆலையின் பாதுகாப்பு அதிகாரிகள் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

என் மீட்டர் 62.4 காட்டுகிறது. நண்பருடையது அதே இடத்தில் 64.9 காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரியாகவே வேலை செய்துகொண்டிருக்கலாம். முதலில் இரண்டிலும் ஒரே எழுத்து (ஏ அல்லது சி, இவை என்ன என்று கீழே சொல்கிறேன்), ஒரே வேகம் (சத்தம் மாறும்போது எண் எவ்வளவு விரைவாக மாற வேண்டும் என்பது, ஃபாஸ்ட் அல்லது ஸ்லோ) வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதுவும் ஒன்றுதான் என்றால், அளந்தது என்ன சத்தம் என்று பார்க்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு விசிலை வைத்தால் இரண்டு மீட்டரும் ஒற்றுமையாக இருக்கும். காற்றுக் குழாய் ஓட்டையிலிருந்து வரும் 'உஸ்' சத்தத்தின் முன் வைத்தால் இரண்டும் பிரிந்து போகும். மீட்டரின் பிழை எல்லாச் சத்தத்துக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை, சத்தத்தின் சுருதியைப் பொறுத்து அது மாறும். கீழே உள்ள பதில்களில் பாதி இதையே வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பவைதான்.

திரையில் தெரியும் தசமப் புள்ளியைப் பார்த்து மயங்க வேண்டாம். 800 ரூபாய் மீட்டரிலும் அது உண்டு.

அதிர்வெண் துலங்கல் என்கிறார்களே, அது என்ன?

ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காயை வைத்தால் எடை சரியாகக் காட்டுகிறது, பூசணிக்காயை வைத்தால் மட்டும் எப்போதும் 200 கிராம் குறைத்துக் காட்டுகிறது. அந்த மாதிரித்தான். அடித்தொண்டை போன்ற 30 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சென்ற 16,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் ஒரே அளவு அழுத்தம் கொடுத்தால் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதை வரைந்தால் வரும் கோடுதான் அதிர்வெண் துலங்கல். ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் என்று கடைகளில் சொல்வது இதைத்தான்.

இந்தக் கோடு வளைவதற்குப் பெரும்பாலும் மைக்தான் காரணம். கீழ்ப் பக்கத்தில், மைக்கின் சவ்வுக்கு முன்னும் பின்னும் காற்றழுத்தம் சமமாவதற்கு ஒரு நுண்துளை விட்டிருப்பார்கள். மிக மெதுவான அதிர்வுகள் அதன் வழியே கசிந்துவிடும், மீட்டர் குறைத்துக் காட்டும். மேல் பக்கத்துக் கதை வேறு. அரை அங்குல மைக்கின் விட்டம் 12.7 மில்லிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 மில்லிமீட்டர், 20,000 ஹெர்ட்ஸில் 17 மில்லிமீட்டர்தான். அந்த அளவுக்கு வந்தபின் மைக் ஒலியின் பாதையில் நிற்கும் கல்லாகிவிடுகிறது. ஒலி அதன் முகத்தில் மோதிக் குவிய, அழுத்தம் கூடிவிடும்.

ஏ, சி, இசட்: எதை வைப்பது?

நம் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் மனிதர்களை உட்காரவைத்து இதை அளந்தார்கள். அதை ஒட்டி, மெல்லிய சத்தத்தைக் காது எப்படிக் கேட்குமோ அப்படி மீட்டரையும் கேட்கவைக்கச் செய்த வடிகட்டிதான் ஏ. அது 1000 ஹெர்ட்ஸில் எதையும் தொடாது. 250இல் 8.6 டெசிபல் குறைக்கும், 125இல் 16.1, 63இல் 26.2, 31.5இல் 39.4. மேலே 2000இல் 1.2 கூட்டும்.

சி கிட்டத்தட்டத் தட்டை. 63இல் 0.8, 31.5இல் 3 டெசிபல், அவ்வளவுதான் குறைக்கும். இசட் எதையுமே குறைக்காது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் வரும் எண்கள் எல்லாம் ஏ. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. புகார் கொடுக்க அளக்கிறீர்கள் என்றால் ஏ வைத்துத்தான் தீர வேண்டும். ஆனால் அதை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஏன் என்பதற்கு அடுத்த கேள்வி.

ஜெனரேட்டர் ஓடினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, தலை வலிக்கிறது. மீட்டரோ 44க்கு மேல் போகவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. என்னிடம் அதிகம் வரும் புகாரும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர் டீசல் ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும். ஆக நொடிக்கு 50 வெடிப்பு, 50 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் என்றால் 37.5. சுற்றியிருக்கும் தகரக் கூண்டு மேல் சுருதிகளை நன்றாக அடக்கிவிடும். இந்த அடிச்சுருதி மட்டும் சுவரைத் தாண்டி வந்து நிற்கும்.

உங்கள் ஜன்னலுக்கு வெளியே அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் 74 டெசிபல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ வடிகட்டி 50 ஹெர்ட்ஸில் 30.2 டெசிபலைக் கழித்துவிடும். திரையில் 43.8 தெரியும். இரவு வரம்பான 45க்குள்! பட்டனை மாற்றி சி வைத்தால் 72.7 காட்டும். இரண்டுக்கும் இடையே 29 டெசிபல் வித்தியாசம். சிக்கும் ஏக்கும் இடையே 20க்கு மேல் போனாலே அடிச்சுருதி ஆட்சி செய்கிறது என்று பொருள். அறிக்கையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. இரண்டாம் வகுப்பு மீட்டருக்கு (கிளாஸ் 2, துல்லியத்தில் முதல் வகுப்புக்கு அடுத்த தரம்) 50 ஹெர்ட்ஸில் இரண்டு டெசிபல் வரை மேலும் கீழும் பிழை அனுமதி உண்டு. அதே 43.8ஐ ஒரு மீட்டர் 41.8 என்றும் இன்னொன்று 45.8 என்றும் காட்டலாம், இரண்டையும் தரமான மீட்டர் என்றே சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டு மீட்டரில் பாஸ், அடுத்தவர் மீட்டரில் ஃபெயில்.

அறைக்குள் அளந்தால் குழப்பம் இன்னும் கூடும். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் ஏழு மீட்டர், அதில் பாதி ஏறக்குறைய பதினோரு அடி. நம் படுக்கையறைகள் பெரும்பாலும் அந்த அளவுதான். அலை சுவருக்குச் சுவர் மோதி, சுவரோரம் உரத்தும் அறை நடுவில் தணிந்தும் நிற்கும். தலைமாடு சுவரை ஒட்டி இருப்பவர் தூங்க முடியாமல் தவிப்பார், அளக்க வந்தவர் அறை நடுவில் நின்று ஒன்றுமில்லையே என்பார். மீட்டரைத் தலையணை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கிளாஸ் 1, கிளாஸ் 2: விலை பல மடங்கு வித்தியாசம். நிஜமாகவே அவ்வளவு வேறுபாடு இருக்கிறதா?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐ.இ.சி. 61672 என்ற சர்வதேசத் தரத்தின் 2013 பதிப்பில் அனுமதிக்கப்படும் விலகல் சுருதிவாரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1000 ஹெர்ட்ஸில் முதல் வகுப்புக்கு 0.7, இரண்டாம் வகுப்புக்கு 1 டெசிபல். இதைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பணம் என்று தோன்றும். 4000 ஹெர்ட்ஸுக்குப் போங்கள்: முதல் வகுப்புக்கு 1, இரண்டாம் வகுப்புக்கு 3 டெசிபல். 8000இல் முதல் வகுப்பு மேலே 1.5, கீழே 2.5 வரைதான் போகலாம். இரண்டாம் வகுப்பு ஐந்து டெசிபல் மேலும் போகலாம், கீழும் போகலாம். 16,000இல் இரண்டாம் வகுப்புக்குக் கீழ் எல்லையே கிடையாது, ஒன்றுமே கேட்காவிட்டாலும் குற்றமில்லை.

சாலைப் போக்குவரத்து, பேச்சு, கல்யாண மண்டப இரைச்சல் மாதிரி நடுச் சுருதிகளில் பரவிய சத்தத்துக்கு இரண்டு வகுப்பும் பெரும்பாலும் ஒரு டெசிபலுக்குள் ஒத்துப்போகும். பிரிவது ஓரங்களில்தான். ஓர் ஆலையின் கம்ப்ரசர் அறையில் அவர்களுடைய இரண்டாம் வகுப்பு மீட்டர் 87 காட்டியது, என்னுடைய முதல் வகுப்பு 90.5. எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 90 என்பதால் பாதுகாப்பு அதிகாரியின் முகம் மாறிவிட்டது. காரணம் மேலே போன குழாயின் இணைப்பில் ஒரு சின்னக் கசிவு, சீறல் முழுக்க 6000, 8000 பக்கம். கசிவை அடைத்ததும் இரண்டு மீட்டரும் 85 பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டன.

பெட்டியில் 'துல்லியம் ±1.5 டெசிபல்' என்று போட்டிருக்கிறதே?

அதன் கீழே பொடி எழுத்தில் '94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸில்' என்று இருக்கும், தேடிப் பாருங்கள். பூசணிக்காய்க்குத் தராசு என்ன காட்டும் என்று அதில் சொல்லியிருக்காது. வகுப்பையும் 61672 என்ற எண்ணையும் சேர்த்துப் போடாத பெட்டி என்றால், வீட்டு உபயோகத்துக்கு வாங்கலாம், வழக்குக்குப் பயன்படாது.

காலிப்ரேட்டர் மாட்டிப் பார்த்தேன், 94.0 சரியாக வந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

காலிப்ரேட்டர் என்பது மைக்கின் மேல் மாட்டி, அளவு தெரிந்த ஒலியைக் கொடுத்து மீட்டரைச் சரிபார்க்கும் சின்னக் கருவி. அது தருவது 1000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு புள்ளி. 94 டெசிபல் என்பது சரியாக ஒரு பாஸ்கல் அழுத்தம், அதனால்தான் அந்த விசித்திர எண். அந்தப் புள்ளியில் எல்லா வடிகட்டியும் பூஜ்யம் என்பதால் ஏ, சி, இசட் மூன்றிலும் ஒரே எண் வரும். சவ்வில் எண்ணெய்ப் படலம் படிந்து 8000இல் நான்கு டெசிபல் குறைந்து போயிருந்தாலும் காலிப்ரேட்டர் முன் மீட்டர் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

அதனால்தான் ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் இந்திய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. சான்றிதழ் வந்ததும் முத்திரையை மட்டும் பார்த்து ஃபைலில் போடாதீர்கள். 125, 1000, 8000 ஹெர்ட்ஸில் ஒலி கொடுத்துப் பார்த்த எண்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். 1000 மட்டும் இருந்தால் உங்கள் காலிப்ரேட்டர் செய்ததையே பணம் கொடுத்து இன்னொரு முறை செய்திருக்கிறீர்கள்.

ஆனால் களத்தில் காலிப்ரேட்டர் இல்லாமல் போகவே கூடாது. தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை. அரை டெசிபலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்றைய அளவுகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நானும் போட்டிருக்கிறேன். ஒரு நூற்பாலையில் காலையில் 94.0, மாலையில் 92.7. ஏசி காரிலிருந்து இறங்கி நேராக ஈரப்பதம் ஏற்றிய ஸ்பின்னிங் கூடத்துக்குள் போயிருந்தேன். குளிர்ந்திருந்த மைக்கின் சவ்வில், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் போல, வியர்த்துவிட்டது. இப்போதெல்லாம் மைக்கைப் பையோடு அரை மணி நேரம் கூடத்தில் வைத்துவிட்டு, மேஸ்திரி வாங்கித் தரும் டீயைக் குடித்த பிறகுதான் திறக்கிறேன்.

கையேட்டில் 93.8க்குத் திருப்பச் சொல்லியிருக்கிறது. காலிப்ரேட்டரில் 94 என்று இருக்கிறதே, அச்சுப் பிழையா?

இல்லை. காலிப்ரேட்டருக்குள் மைக் அடைபட்ட சின்னக் குழியில் இருக்கிறது. வெளியே திறந்த வெளியில் இருக்கும்போது மைக்கின் முகத்தில் ஒலி மோதிக் குவியும் என்று சொன்னேனே, அது 1000 ஹெர்ட்ஸிலேயே 0.1, 0.2 டெசிபல் அளவில் தொடங்கிவிடும். குழிக்குள் அந்தக் குவிதல் இல்லை, அதனால் கழித்துச் சொல்கிறார்கள். எண் மைக்குக்கு மைக் மாறும். உங்கள் கையேடு சொல்வதை வையுங்கள், அடுத்தவர் மீட்டரைப் பார்த்து வைக்காதீர்கள்.

மைக்கை எந்தப் பக்கம் திருப்புவது?

திறந்த வெளிக்கென்று செய்த மைக் என்றால் சத்தம் வரும் திசைக்கு நேராக. முகத்தில் குவியும் அழுத்தத்தை அந்தக் கோணத்துக்கென்றே கணக்கிட்டுச் சரிசெய்திருப்பார்கள். அரை அங்குல மைக்கில் இந்தச் சரிக்கட்டல் 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று நான்கு டெசிபல் இருக்கும். பக்கவாட்டில் பிடித்தால் அந்த அளவை இழப்பீர்கள். அடிச்சுருதிக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை. ஜெனரேட்டருக்கு முதுகு காட்டிப் பிடித்தாலும் 50 ஹெர்ட்ஸ் அதே எண்தான். எல்லாப் பக்கமிருந்தும் எதிரொலிக்கும் நெசவுக் கூடம் மாதிரி இடங்களுக்கென்றே வேறு வகை மைக் உண்டு, சில மீட்டர்களில் மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே நின்று அளப்பது?

மைக் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி. கட்டிடத்தின் முகப்பை ஒட்டி ஒன்றிரண்டு மீட்டரில் நின்றால் எதிரொலி சுமார் 3 டெசிபலைக் கூட்டிவிடும். உங்கள் உடம்பும் ஒரு சுவர்தான். மீட்டரை மார்போடு அணைத்துப் பிடித்தால் 400 ஹெர்ட்ஸ் பக்கம் சில டெசிபல் தப்பாகும். முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். முதல் வகுப்பு மீட்டர் வாங்கியவர்கள்தான் இதை அதிகம் மறக்கிறார்கள்.

போன் ஆப் போதுமா?

இரண்டு இடத்தில் எது சத்தம் அதிகம் என்று ஒப்பிடப் போதும். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பல போன்களில் காற்றிரைச்சலைத் தவிர்க்க அடிச்சுருதியை வெட்டிவிடுவார்கள், சத்தம் கூடினால் தானாகவே அடக்கியும் விடுவார்கள். ஜெனரேட்டர் புகாருக்குப் போனைக் காட்டினால் உங்கள் வழக்கை நீங்களே தோற்கடிக்கிறீர்கள். அமெரிக்காவின் நியாஷ் என்ற பணிப்பாதுகாப்பு நிறுவனம் ஐபோனுக்கு மட்டும் ஓர் இலவச ஆப் தருகிறது, ஆய்வகத்தில் இரண்டு டெசிபல் (ஏ)க்குள் ஒத்துப்போகிறது. ஆண்ட்ராய்டில் அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம், ஆயிரம் மாடல், ஆயிரம் மைக். ரப்பர் கவர் மைக் துளையை மூடியிருந்தால் அதுவும் சேரும்.

காற்றைத் தடுக்க மைக்கின் மேல் மாட்டும் பஞ்சு உருண்டை அவசியமா?

வெளியில் எப்போதும். காற்று மைக்கில் உரசும் சத்தம் பெரும்பாலும் அடிச்சுருதி, அதனால் ஏவில் ஓரளவு மறையும், சியில் அப்படியே ஏறும். ஜெனரேட்டருக்காக சி வைத்துவிட்டு உருண்டையைக் கழற்றி வைத்தால் கடற்காற்றைத்தான் அளந்திருப்பீர்கள். நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் காற்று வீசினால் உருண்டை இருந்தாலும் வேறு நாள் பாருங்கள். சில வருடத்தில் அது பொடிந்து உதிரத் தொடங்கும், பொடி மைக்கின் சவ்வுக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

இரவில் 35 காட்டுகிறது. நம்பலாமா?

மீட்டருக்கே சொந்த இரைச்சல் உண்டு. விலை குறைந்தவற்றில் அது 30 டெசிபல் பக்கம் இருக்கும். அப்படியானால் திரையில் 35 என்பது நிஜத்தில் 33.3தான். எண் குறையக் குறைய இந்தப் பொய் கூடும். சொந்த இரைச்சலுக்குப் பத்து டெசிபலாவது மேலே இருக்கும்போதுதான் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

தீபாவளிப் பட்டாசை என் மீட்டரால் அளக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஃபாஸ்ட் என்பதன் கால அளவு 125 மில்லிநொடி. ஒரு மில்லிநொடியே நீடிக்கும் சத்தத்தை அது 21 டெசிபல் குறைத்துத்தான் காட்டும். விதிப்படி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 145 டெசிபல் (சி) உச்ச அளவு தாண்டக்கூடாது. உச்சத்தை அளக்கும் வசதியும் அவ்வளவு உயரம் தாங்கும் மைக்கும் வேண்டும். சாதாரண மீட்டர் 130இலேயே கையைத் தூக்கிவிடும்.

பிஸ்டன்ஃபோன் 124 என்று சொல்கிறது. ஊட்டியில் 113 காட்டுகிறதே?

இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. பிஸ்டன்ஃபோன் என்பது பழைய வகைக் காலிப்ரேட்டர், அதன் சுருதி 250 ஹெர்ட்ஸ். மீட்டரை ஏவில் விட்டிருக்கிறீர்கள், அது 8.6ஐக் கழித்துவிட்டது. சியில் வையுங்கள், 121.7 வரும். மிச்சம் 2.3 டெசிபல் ஊட்டியின் உயரம். உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கித்தான் ஒலி தருகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான், ஒலியும் அதற்கேற்பக் குறையும். பெட்டிக்குள் ஒரு குட்டிக் காற்றழுத்தமானி இருக்கும், அதன் முள் காட்டும் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டரின் திருகை மட்டும் தொடாதீர்கள். தொட்டுவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் கீழே அளப்பதெல்லாம் 2.3 டெசிபல் கூடித்தான் வரும்.